கருவி விளக்கம் (செயற்கை நுண்ணறிவு)

செயற்கை நுண்ணறிவு முகவர் ஒரு ஏபிஐயைக் (ஒரு மென்பொருளை மற்றொன்று அழைக்கும் இடைமுகம்) கருவியாகப் பயன்படுத்துவதற்காக எழுதப்படும் குறிப்பு, கருவி விளக்கம். ஏபிஐ என்ன செய்யும், எப்போது அழைக்க வேண்டும், என்ன தரவு கேட்கும், என்ன திருப்பித் தரும் என்பவை இதில் அடங்கும். முகவரை இயக்கும் மொழி மாதிரி பொதுவாகக் கருவியின் நிரலைப் பார்ப்பதில்லை. பெயர், விளக்கம், அளவுருக்களின் பட்டியல் ஆகியவற்றைப் படித்து, எந்தக் கருவிக்கு என்ன மதிப்புகள் என்பதை ஜேசன் என்ற தரவு வடிவில் எழுதித் தருகிறது. ஏபிஐயை அழைப்பது வெளியே உள்ள செயலி. நிரலை எழுதியவரிடம் சந்தேகம் கேட்க மாதிரிக்கு வழியில்லை. விளக்கத்தில் விடுபட்டதைப் பெரும்பாலும் ஊகித்து நிரப்பிவிடும்.

சிந்திப்பதையும் கருவிகளை அழைத்துச் செயல்படுவதையும் மாதிரிகள் மாறி மாறிச் செய்யலாம் என்று 2022இல் ரியாக்ட் ஆய்வுக் கட்டுரை காட்டியது. 2023 மார்ச்சில் அறிமுகமான சாட்ஜிபிடி ப்ளகின்களின் அமைப்புக் கோப்பில், மனிதர் படிக்க ஒரு விளக்கம், மாதிரி படிக்க வேறொரு விளக்கம் என இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ப்ளகின்கள் நெடுநாள் நீடிக்கவில்லை என்றாலும் அந்தப் பிரிவினை சரியானது. அதே ஆண்டு ஜூனில் ஓபன்ஏஐ தன் ஏபிஐயில் ஃபங்ஷன் காலிங் வசதியைச் சேர்த்தது. அளவுருக்களை அதில், தரவின் அமைப்பை விவரிக்கும் ஜேசன் ஸ்கீமாவில் எழுத வேண்டும். 2024 நவம்பரில் மாதிரிகளைக் கருவிகளுடன் இணைப்பதற்காக ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை வந்தபின், ஒருவர் எழுதிய கருவியை முன்பின் தெரியாத ஒருவரின் முகவரும் எளிதாகப் பயன்படுத்தும் நிலை உண்டானது.

விளக்கம் அரைகுறையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பணம் வசூலிக்கும் ஏபிஐகள் நல்ல சான்று. ஸ்ட்ரைப், ரேசர்பே இரண்டுமே தொகையை நாணயத்தின் மிகச் சிறிய அலகில் கேட்பவை. 500 ரூபாய் வசூலிக்க 50000 என்று அனுப்ப வேண்டும். ‘வசூலிக்க வேண்டிய தொகை’ என்று மட்டும் விளக்கம் இருந்தால் மாதிரி 500 என்றே எழுதக்கூடும். வசூலாவது 5 ரூபாய். அதுவும் செல்லுபடியாகும் எண்தான் என்பதால் பிழைச் செய்தி வராது, கணக்கு பார்க்கும்போதுதான் தெரியும். ‘100ஆல் பெருக்கு’ என்று எழுதிவிட்டாலும் சிக்கல் தீராது: ஜப்பானிய யென்னை அப்படியே அனுப்ப வேண்டும், ஒரு குவைத் தினாருக்கோ 1000 ஃபில்ஸ் என்பதால் 1000ஆல் பெருக்க வேண்டும். ஆகவே அலகு, ஓர் எடுத்துக்காட்டு, விதிவிலக்கான நாணயங்கள் மூன்றும் விளக்கத்தில் இருக்க வேண்டும்.

பணத்தைத் திருப்பித் தரும் அழைப்பு இதைவிட ஆபத்தானது. இந்த இரு சேவைகளிலும் தொகையைக் குறிப்பிடாமல் விட்டால் முழுத் தொகையும் திரும்பிப் போகும். ஸ்கீமாவைப் பார்க்கும் மாதிரிக்கு அந்த அளவுரு கட்டாயமில்லை என்பது மட்டும் தெரியும். விட்டால் என்ன நடக்கும் என்று தனி வாக்கியமாக எழுதவில்லை என்றால், ‘சட்டை மட்டும் சரியில்லை, அதற்கான பணத்தைக் கொடுங்கள்’ என்று கேட்ட வாடிக்கையாளருக்கு பில் தொகை முழுவதும் போய்ச் சேரலாம்.

தேதிகளிலும் இதே தொல்லைதான். 03/04/2025 என்பது இந்தியாவில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. ஐஎஸ்ஓ 8601 வடிவில் 2025-04-03 என்று ஓர் எடுத்துக்காட்டுத் தேதியைக் காட்டிவிடுவது நீண்ட விளக்கத்தைவிட வேலைக்கு ஆகும்.

ஒரு கருவியை எப்போது பயன்படுத்தக் கூடாது என்பதைப் பலர் எழுதுவதில்லை. ‘ஆர்டரை ரத்துசெய்’, ‘பணத்தைத் திருப்பு’ என இரண்டு கருவிகள் அருகருகே இருந்தால், பொருள் அனுப்பப்படாதவரை முதலாவது, அனுப்பிய பின் இரண்டாவது என்று இரு விளக்கங்களிலும் வரம்பு கட்ட வேண்டும். ஏபிஐகளை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ ஆவணத்தை அப்படியே கருவிகளாக மாற்றித் தரும் மென்பொருள்கள் இங்கேதான் சறுக்குகின்றன. அந்த ஆவணம் நிரலாளருக்காக எழுதப்பட்டது. அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று கருதி விட்டவை அதில் ஏராளம். நூற்றுக்கணக்கான அழைப்புகளை மொத்தமாகத் திணிப்பதால் டோக்கன் செலவும் ஏறும், தேர்விலும் குழப்பம் மிகும். தேவையான சிலவற்றைத் தேர்ந்து கையால் எழுதுவதே மேல். பிழைச் செய்திகளையும் விளக்கத்தின் தொடர்ச்சியாகவே கருத வேண்டும்: ‘தவறான உள்ளீடு’ என்பதைவிட, எந்த அளவுரு தவறு, எந்த வடிவம் வேண்டும் என்று சொல்லும் செய்தியைப் படித்து மாதிரி தானே திருத்திக்கொள்ளும்.

மாதிரி நம்பிப் படிக்கும் எழுத்து என்பதால் விளக்கம் தாக்குதலுக்கும் பயன்படுகிறது. பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான இன்வேரியன்ட் லேப்ஸ் 2025 ஏப்ரலில் இதைச் செய்து காட்டியது. இரண்டு எண்களைக் கூட்டும் கருவி ஒன்றின் விளக்கத்துக்குள், பயனரின் ரகசியக் கோப்புகளைப் படித்து ஓர் அளவுருவில் வைத்து அனுப்பும்படி கட்டளை ஒளிக்கப்பட்டிருந்தது. விளக்கத்தைத் தவிர, ஒரு கருவி தரவைப் படிக்க மட்டும் செய்யுமா, அழிக்கவும் கூடுமா என்று அறிவிக்கும் குறிகளும் எம்சிபியில் உள்ளன. நம்பகமான சர்வரிலிருந்து வந்தாலொழிய அந்தக் குறிகளை நம்பக் கூடாது என்று அந்த நெறிமுறையே விதிக்கிறது.