துப்பாக்கி வைத்திருக்கத் தக்கவர் யார்?

இருப்புப்பாதை அலுவலக எழுத்தனுக்குப் படிவங்களோடுதான் வாழ்க்கை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற அண்டைவீட்டு அன்பர் ஒருவர், துப்பாக்கி உரிமத்திற்கான விண்ணப்பத்தை நிரப்பித் தருமாறு என்னிடம் கொடுத்தார். முன்பு தண்டனை பெற்றதுண்டா, துப்பாக்கி எதற்காக என்று பக்கம் பக்கமாக வினாக்கள். மருத்துவர் சான்றும் வேண்டும். அன்பர் சலித்துக்கொண்டார். ஆயின், ஒரு காலத்தில் இந்நாட்டில் இதற்கெல்லாம் முன்னதாக ஒரு வினா இருந்தது: நீ எந்த இனத்தில் பிறந்தாய்?

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், இந்தியர் கையிலிருந்த படைக்கலம் ஆங்கில அரசுக்கு அச்சத்தையே தந்தது. 1878இல், வைசிராய் லிட்டன் பிரபுவின் காலத்தில், இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்தது. மற்றொன்று ஆயுதச் சட்டம். முன்னது ரிப்பன் பிரபுவின் காலத்தில் 1882இல் ஒழிந்தது. பின்னதோ நிலைத்தது. இந்தியர் உரிமமின்றித் துப்பாக்கி ஏந்தலாகாது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் விலக்கு உண்டு. நமது இருப்புப்பாதையையே எண்ணிப் பாருங்கள். ஒரே நிலையத்தில் ஆங்கிலோ-இந்திய கார்டு எவரையும் கேளாமல் துப்பாக்கி வைத்திருக்கலாம். அருகில் அமர்ந்து கணக்கு எழுதிய நம்மவர், முப்பதாண்டு மாசற்ற ஊழியம் புரிந்தவராயினும், விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். முன்கோபியா, குடியரா என்பதன்று ஆராய்ச்சி. பிறப்பே சான்றிதழ்! (இந்தியருள்ளும் சிலருக்கு விலக்கு இருந்தது. குடகருக்கு அளிக்கப்பட்ட விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது.)

1887இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸ், இச்சட்டம் மக்கள்மீது சுமத்தும் தகாத பழியை எடுத்துக் காட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. எனினும் இன வேற்றுமை நீங்குவதற்கு 1920ஆம் ஆண்டு விதிகள் வரவேண்டியிருந்தது.

1931ஆம் ஆண்டுக் கராச்சித் தீர்மானம், ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருத்தலைக் குடிமகனின் உரிமைகளுள் ஒன்றாகவே சேர்த்தது. அதனை நினைவூட்டி, 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் திருத்தம் கொணர்ந்தார். டாக்டர் அம்பேத்கர் இசையவில்லை. எவரும் தடையின்றிக் கடையில் ஆயுதம் வாங்கலாமெனின் அரசு எங்ஙனம் நடக்கும் என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது. அந்நியன் பறித்ததை நம்மவரே மறுத்தனரே என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அவ்வருத்தம் இல்லை. தகுதியை ஆராய்வது வேறு. பிறப்பைக் கொண்டு இழிவுபடுத்துவது வேறு.

1959ஆம் ஆண்டுச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. வன்முறைக் குற்றத்திற்காகச் சிறைத்தண்டனை பெற்றவர், அது முடிந்து ஐந்தாண்டு கழியும் வரை ஆயுதம் வைத்திருக்கலாகாது. மனநிலை பிறழ்ந்தவருக்கு உரிமம் மறுக்க வேண்டும். போலீஸ் அறிக்கை பெற வேண்டும். மறுத்தால் பொதுவாகக் காரணம் எழுதி வைக்க வேண்டும். எனக்கு உவப்பான பிரிவு ஒன்றுண்டு: போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் எவருக்கும் உரிமம் மறுத்தலாகாது. மருத்துவச் சான்றோ 2016ஆம் ஆண்டு விதிகளில் உள்ளது.

இவற்றையெல்லாம் அன்பருக்குச் சொன்னேன். அமைதியாகக் கேட்டார். 'எதற்காகத் துப்பாக்கி?' என்னும் கட்டத்திற்கு வந்தபோது, "நாளை சொல்கிறேன், சார்" என்று எழுந்து போனார். படிவம் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.