தேசியா, சாலானியா?

உணவகப் பட்டியலில் மீனின் பெயருக்கு அருகே ‘இயற்கையில் பிடித்தது’, ‘பண்ணையில் வளர்த்தது’ என்று குறிக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் அந்த இருமை வங்காள மீனின் வரலாற்றோடு பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

கொல்கத்தாச் சந்தையில் ரூயி வாங்குவோர் கேட்பது ‘தேசியா, சாலானியா?’ என்றுதான். ரூயி என்பது நம் ரோகு கெண்டை. தேசி, அண்மை நீர்நிலையில் பிடித்தது. சாலானி, தொலைவிலிருந்து பனிக்கட்டியில் வந்தது. சரக்கை அனுப்புவதற்கும் உடன் செல்லும் சீட்டுக்கும் வங்காளியில் ‘சாலான்’ என்று பெயர். வங்கியில் நாம் நிரப்பும் சலானும் அதே சொல்தான். ஆக, சந்தை வினவியது மீன் வந்த வழியை, பிறப்பை அன்று.

பிறப்பை வினவுவதில் நெடுங்காலம் பொருளும் இருந்ததில்லை. ரோகு, கட்லா முதலியவை தேங்கிய குளத்து நீரில் முட்டையிடுவதில்லை. மழைக்காலத்தில் கங்கையிலும் அதன் கிளைகளிலும் மீன்குஞ்சுகளை வலைகொண்டு திரட்டி, மண்பானைகளில் இட்டு, வழியெல்லாம் நீரைக் கையால் அலசியபடியே இரயிலேற்றிக் குளங்களுக்குக் கொண்டு சென்றனர். குளத்தில் வளர்ந்த ரோகு ஆற்றில் பிறந்ததே. அதை எந்தப் பட்டியில் சேர்ப்பது? 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌதுரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசிவழிச் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். முட்டை முதல் தட்டு வரை பண்ணைக்கே உரிய கெண்டை அதன் பின்னரே சாத்தியமாயிற்று. பின்னர் ஆந்திரத்தின் கொல்லேறு ஏரிப் பகுதியில் மீன்குளங்கள் பெருகின. இன்று கொல்கத்தாவில் சாலானி ரூயி என்றால் பெரும்பாலும் ஆந்திர மீன்.

தேசி அனைத்தும் ஆற்றுமீன் என்றும் கொள்ள முடியாது. 2002இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களின் ‘பேரி’ எனப்படும் ஏரிகளில், நகரின் கழிவுநீரே மீனுக்கு உணவாகிறது, நீரும் தூய்மையாகிறது. அங்கிருந்து அலுமினிய ஹாண்டிகளில் உயிருடன் வரும் ரூயியும், கொல்லேறிலிருந்து பெட்டியில் வரும் ரூயியும் ‘பண்ணை மீன்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். அந்த ஏரிகளைச் சுற்றி நகரம் நெருக்கிக்கொண்டிருக்கிறது. மீனுக்கு நல்ல விலை கிடைக்கும்வரைதான் அவை ஏரிகளாக நீடிக்கும்.

இலிஷ் விதிவிலக்கு. வணிக அளவில் அதை இன்னும் எவரும் வளர்க்கவில்லை; எனவே அதற்கு இக்கேள்வியே இல்லை. ஆயினும் உணவகங்கள் ‘பத்மா இலிஷ்’ என்று ஆற்றின் பெயரை விரும்பி அச்சிடுகின்றன. விலையை உயர்த்தும் இடத்தில் ஊர்ப்பெயர் நினைவுக்கு வருகிறது, ரூயிக்கு வருவதில்லை. பேட்கி, அதாவது நம் கொடுவா, இருக்க வேண்டிய தட்டில் இறக்குமதியான பாசா இருக்கிறது என்ற புகாரோ பழகிப்போன ஒன்று.

அமெரிக்காவின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் பிடித்ததா வளர்த்ததா என்பதையும் நாட்டையும் கடைமீனில் குறிக்கச் செய்தது, உணவகங்களுக்கு விலக்களித்தது. நம் 2020ஆம் ஆண்டு உணவுப்பொருள் விதிகள், பத்தோ அதற்கு மேலோ கிளைகள் கொண்ட உணவகங்கள் பட்டியலில் கலோரியைக் குறிக்க வேண்டும் என்கின்றன. ஒவ்வாமை தருவனவற்றுள் மீனையும் அறிவிக்கச் சொல்கின்றன. அவ்விதிகளைத் திருத்தும் நாள் வந்தால், இயற்கை, பண்ணை என்பதோடு நீர்நிலையின் பெயருக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும்.