4.00 எடுத்தும் இடமில்லை: ஒரு கணக்கின் வரலாறு

மகனுக்கு மருத்துவம் கிடைக்குமா? எஸ்டிபிஎம் முடிவு வெளிவரும் வாரத்தில் இந்தியக் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி இதுதான். சென்ற ஆண்டு யாருக்கு எத்தனை புள்ளியில் இடம் கிடைத்தது என்று விசாரித்து, பெற்றோர் விரல்விட்டு எண்ணிப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கு பொய்த்துப்போவது ஏன்?

1960களில் பெரும்பகுதி கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகம் ஒன்றே நாட்டின் பல்கலைக்கழகமாக இருந்தது. 1969 மே 13 கலவரத்திற்குப் பின் நிலைமை மாறியது. மாணவர் சேர்க்கை மக்கள்தொகையின் இன விகிதத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்று மஜிட் இஸ்மாயில் குழு 1971இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அரசியலமைப்பின் 153ஆவது விதியில் 8ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. தகுதி பெற்றோரைவிட இடங்கள் குறைவாக இருந்தால், மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் ஒரு பகுதியை ஒதுக்கலாம் என்பது அதன் சாரம். பூமிபுத்ராக்களுக்கு 55, மற்றவர்களுக்கு 45 என்ற கோட்டா அதன் பின்னர்தான் பேச்சில் நிலைத்தது.

கோட்டா கசந்தது உண்மை. ஆனாலும் மாணவனுக்குத் தான் எந்த வரிசையில் நிற்கிறோம் என்பதாவது தெரிந்தது.

2002இல் கோட்டா நீக்கப்பட்டு, மெரிட்டோகிரசி எனும் தகுதி முறை வந்தது. பலர் மகிழ்ந்தார்கள். முடிவோ வேறாக இருந்தது. அவ்வாண்டு இடம் பெற்றவர்களில் பூமிபுத்ராக்கள் ஏறக்குறைய 69 விழுக்காடு, சீனர்கள் 26, இந்தியர்கள் 5! 55 என்ற ஒதுக்கீடு போனபின் அந்தப் பங்கு கூடியது எப்படி? ஒரே வரிசையில் இரண்டு அளவுகோல்கள் இருந்ததுதான் காரணம். ஆறாம் படிவத்தில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் படித்து எஸ்டிபிஎம் எழுதியவரும், ஓராண்டு மெட்ரிகுலேஷன் முடித்தவரும் 4.00 எடுத்தால் சமம் என்றே கொள்ளப்பட்டது. இரு தேர்வுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழி பெற்றோர் கையில் இல்லை. மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா அல்லாதாருக்கு 10 விழுக்காடு இடம் திறந்ததே 2003இல்தான்.

2004இல் இது வெடித்தது. எஸ்டிபிஎம்மில் 4.00 பெற்ற 128 பேருக்கு மருத்துவம் மறுக்கப்பட்டது. அதற்கு மேல் எடுக்கப் புள்ளியே கிடையாது! நாளிதழ்களில் செய்தி நிறைந்தது, அமைச்சரவை வரை போனது, பின்னர் அவர்களுக்கு இடம் தேடப்பட்டது. எல்லாருக்கும் அப்படித் தலைப்புச் செய்தி வாய்ப்பதில்லை. வசதியுள்ளவர்கள் ஏம்ஸ்ட், மணிப்பால் என்று போனார்கள். மற்றவர்கள் கேட்காத துறையில் சேர்ந்தார்கள்.

பிற்பாடு கல்விக்கு 90, புறப்பாடத்திற்கு 10 என்ற கணக்கும் பெற்றோருக்குப் பழகியது. கடற்படைச் சீருடை, பேச்சுப்போட்டிச் சான்றிதழ் எல்லாம் புள்ளியானது அப்படித்தான். 2012இல் இந்தியர்களுக்கென 1,500 மெட்ரிகுலேஷன் இடங்கள் அறிவிக்கப்பட்டன. எஸ்பிஎம்மில் 10ஏ பெற்ற அனைவருக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் உறுதி என்ற அறிவிப்பு 2024இல் வந்தது. அந்த உறுதி மெட்ரிகுலேஷன் வாசல் வரைதான். அதற்கு அப்பால் மருத்துவ இடத்திற்கு மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும்.