பழைய வீடுகளில் சென்ட்ரல் ஏசி

ஓரிடத்தில் குளிரவைத்த காற்றை டக்ட் எனப்படும் காற்றுக்குழாய்கள் வழியே வீட்டின் எல்லா அறைகளுக்கும் அனுப்பி, அறைகளில் சூடேறிய காற்றைத் திரும்ப இழுத்து மறுபடி குளிரவைக்கும் அமைப்பே சென்ட்ரல் ஏசி. கம்ப்ரசரும் கண்டென்சரும் அடங்கிய பெட்டி வீட்டுக்கு வெளியே இருக்கும். குளிர்சுருளும் ஊதுவிசிறியும் உள்ளே, நிலவறையிலோ கூரைக்கடியில் உள்ள பரணிலோ இருக்கும். செப்புக் குழாய்கள் இரண்டையும் இணைக்கும். நம் ஊரில் அறைக்கு ஒரு ஸ்பிளிட் ஏசி மாட்டுவதுபோல, அமெரிக்காவில் சென்ட்ரல் ஏசிதான் பெருவழக்கு. அந்நாட்டின் எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2020-இல் நடத்திய கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் முதன்மையாக இதையே நம்பியிருக்கின்றன. புதிதாகக் கட்டும் வீட்டில் டக்டுக்கான வழி வரைபடத்திலேயே ஒதுக்கப்பட்டுவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய வீடுகளில் அப்படியொரு வழி கிடையாது. அத்தகைய வீட்டில் ஏசி நன்றாக அமைவதும் கெடுவதும் எந்திரத்தின் பெயரையோ விலையையோ பொறுத்தது என்று வாங்குபவர்கள் நம்புகிறார்கள். கட்டட அறிவியலில் சேர்ந்துள்ள சான்றுகளோ வேறு பக்கம் கைகாட்டுகின்றன: வீட்டை அளப்பது, காற்றுக்கு வழி அமைப்பது, ஈரத்தைக் கணக்கில் எடுப்பது ஆகிய மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. எந்திரம் அவற்றுக்குப் பின்னால் வருவது.

வில்லிஸ் கேரியர் 1902-இல் புரூக்ளினில் இருந்த சாக்கெட்–வில்ஹெல்ம்ஸ் அச்சகத்துக்காக வடிவமைத்த அமைப்பிலிருந்தே நவீன ஏசியின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அங்கே தொல்லை தந்தது வெக்கையைவிட ஈரப்பதம். ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கியதால் வண்ண அச்சு விலகியது. ஏசி பிறப்பிலேயே ஈரத்தை அடக்கும் கருவி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பழைய வீட்டில் நேரும் பல கோளாறுகள் விளங்கிவிடும். வீட்டுக்குள் அது நுழைந்தது 1914-இல், மினியாபொலிஸ் நகரில் சார்லஸ் கேட்ஸ் என்ற செல்வரின் மாளிகையில். நடுத்தரக் குடும்பங்களை எட்டியதோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. ஆகவே அதற்கு முந்தைய வீடுகள் வேறு ஏற்பாடுகளை நம்பின. தென்கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்து வீடுகள் ஓர் அறை அகலமே கொண்டு, நீண்ட பக்கம் முழுதும் தாழ்வாரம் வைத்து, காற்றைக் குறுக்காக ஓடவிட்டன. நியூ ஆர்லியன்சில் வீடுகளைத் தூண்கள்மேல் உயர்த்தி, கூரையை எட்டாத உயரத்தில் போட்டார்கள். வடக்கே பாஸ்டன், சிகாகோ போன்ற நகரங்களில் குளிர்காலமே கவலை. நீராவியோ வெந்நீரோ ஓடும் ரேடியேட்டர்களே அங்கே பல வீடுகளைச் சூடாக்கின. அந்த வீடுகளில் ஒரு முழம் டக்ட்கூட இல்லாததற்கு அதுவே காரணம்.

சுவருக்குள் டக்டை நுழைப்பது இதனால் முதல் சிக்கலாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மரவீடுகள் பலவும் பலூன் சட்டகம் என்ற முறையில் எழுந்தவை. செங்குத்துச் சட்டங்கள் அடித்தளத்திலிருந்து கூரைவரை இடையில் முறியாமல் செல்லும். அவற்றுக்கு நடுவே உள்ள பொந்து குழாய் இறக்க வசதியானது. ஆனால் தீப்பிடித்தால் அதே பொந்து புகைபோக்கியாகி நெருப்பை மாடிக்கு ஏற்றிவிடும். எனவே துளைத்த ஒவ்வொரு இடத்தையும் தீத்தடுப்புப் பொருளால் அடைக்க வேண்டும். சுவர்ப்பூச்சு மெல்லிய மரப்பட்டிகள்மேல் சாந்து பூசியது. ஒரு துளை போட்டால் ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்து வரும். தளத்தைத் தாங்கும் மர உத்தரங்களைக் கண்டபடி வெட்டவும் கூடாது. துளையின் விட்டம் உத்தரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை மீறக்கூடாது என்றும், உத்தரத்தின் நடுப்பகுதியில் விளிம்பை வெட்டக்கூடாது என்றும் அமெரிக்கக் கட்டட விதிகள் சொல்கின்றன. பெரிய டக்ட் இந்த அளவுக்குள் அடங்காது. தேர்ந்த பணியாளர்கள் அலமாரிகளின் மூலை, பயன்படாத புகைபோக்கி, படிக்கட்டின் அடிப்பகுதி என்று வீடு ஏற்கெனவே விட்டுவைத்திருக்கும் வெற்றிடங்களைத் தேடுகிறார்கள். பரணில் ஓர் எந்திரம் மாடி அறைகளுக்கு, நிலவறையில் இன்னொன்று கீழ்த்தளத்துக்கு என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் மாடிக்கும் கீழுக்கும் இடையே டக்ட் போகவே வேண்டாம். செலவு கூடும், சுவர் பிழைக்கும்.

இனி அளவு. ஏசியின் திறனை டன்னில் சொல்கிறோம். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ, அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஐந்நூறு சதுர அடிக்கு ஒரு டன் என்ற வாய்க்கணக்கு அமெரிக்க ஒப்பந்தக்காரர்களிடம் நீண்ட காலமாகப் புழங்கிவருகிறது. பழைய வீட்டில் இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் தவறும். உயரமான கூரையும் காப்பில்லாத சுவரும் காற்று கசியும் ஜன்னலும் சுமையைக் கூட்டும். தடித்த செங்கல் சுவரும் தாழ்வார நிழலும் முற்றிய மரங்களும் அதைக் குறைக்கும். ஒவ்வொரு ஜன்னலின் திசை, கண்ணாடியின் வகை, சுவரின் அமைப்பு, காற்றுக் கசிவு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை அமெரிக்க ஏசி ஒப்பந்தக்காரர்கள் சங்கம் மேனுவல் ஜே என்ற பெயரில் வெளியிட்டிருக்கிறது. எந்திரத் தேர்வுக்கு மேனுவல் எஸ், டக்ட் வடிவமைப்புக்கு மேனுவல் டி என்று துணைநூல்களும் உண்டு. கசிவை ஊகித்து எழுதவும் வேண்டியதில்லை. வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டின் காற்றழுத்தத்தை 50 பாஸ்கல் குறைத்து, எவ்வளவு காற்று உள்ளே புகுகிறது என்று அளந்துவிடலாம். இதற்கெல்லாம் அரை நாள் ஆகும். அந்த அரை நாளை மிச்சப்படுத்தத்தான் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அரை டன் கூட்டிப் போடும் பழக்கம் வந்தது.

கூடுதல் திறன் இருந்தால் என்ன நட்டம், கோடை முற்றும்போது கைகொடுக்குமே என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் காற்றைக் குளிரவைப்பதும் காற்றிலுள்ள ஈரத்தைப் பிரிப்பதும் ஒரே வேகத்தில் நடப்பவை அல்ல. எந்திரம் ஓடத் தொடங்கிச் சில நிமிடம் கழிந்த பிறகே சுருளில் படிந்த நீர் வடிகுழாய்க்குச் சொட்டத் தொடங்கும். அளவுக்கு மிஞ்சிய எந்திரம் அதற்குள் அறையின் வெப்பநிலையைக் கீழே இறக்கிவிட்டு நின்றுவிடும். விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் சுருளில் தங்கிய ஈரம் மறுபடி காற்றில் கலந்து வீட்டுக்கே திரும்பும். அறை குளிர்ந்திருந்தும் புழுங்கும். வீட்டார் வெப்பநிலையை இன்னும் குறைப்பார்கள். சுவர் இன்னும் குளிர்ந்து பூஞ்சணம் பிடிக்கும். லூசியானா போன்ற ஈரக்காற்று வீசும் மாநிலங்களில் இது சிறிய தொல்லை இல்லை. கோடை முற்றும் நாட்களைப் பற்றிய அச்சத்துக்கும் கணக்கிலேயே இடமுண்டு: ஆண்டின் மொத்த மணிநேரத்தில் ஒரு விழுக்காடு மட்டுமே மீறப்படும் வெளிவெப்பநிலையை வைத்துத்தான் மேனுவல் ஜே சுமையைக் கணிக்கிறது. அந்த எண்பது, தொண்ணூறு மணிநேரத்தில் அறை ஓரிரு டிகிரி ஏறினால், மற்ற நாட்களெல்லாம் வீடு உலர்ந்திருப்பதற்குக் கொடுக்கும் விலை அது. வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் எந்திரங்கள் வந்தபின் இந்தக் கவலை தீர்ந்துவிட்டது என்பாரும் உண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால் அவையும் ஒரு கீழெல்லைக்குக் குறைவாக ஓட இயலாது. டக்டின் குறுக்களவோ ஒருமுறை போட்டால் போட்டதுதான்.

காற்றுவழியின் கதை இதைவிட மோசம். டக்டில் ஓடும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு கசிவாலும் பொருந்தாத இணைப்பாலும் வீணாகிறது என்பது அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் தரும் மதிப்பீடு. பழைய வீட்டில் டக்ட் பெரும்பாலும் பரணில்தான் ஓடும். கோடை நண்பகலில் அந்தப் பரண் 50 டிகிரி செல்சியசைத் தாண்டும். அங்கே கசிந்த குளிர்காற்று வீணாவதோடு போகாது. வெளியேறிய அளவுக்கு வீட்டுக்குள் அழுத்தம் குறைந்து, ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் ஈரமான வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். காற்று திரும்பிவரும் டக்ட் நிலவறையில் ஓட்டையாக இருந்தால் நிலைமை உயிரோடு விளையாடுவதாகிவிடும். பக்கத்தில் பழைய வகை எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் இருந்தால், புகைபோக்கி வழியே மேலே போக வேண்டிய கார்பன் மோனாக்சைடு கீழே இழுக்கப்பட்டு வீடெங்கும் பரவக்கூடும். எளிதாக நழுவிப்போகும் இன்னொரு செய்தி: டக்ட் டேப் என்று பெயர் பெற்ற துணிநாடா டக்டுக்கு உதவாது. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 1998-இல் வெளியிட்ட சோதனைகளில், வெப்பமும் குளிரும் மாறி மாறிப் பட்டபோது அது பிடிவிட்டது. இணைப்புகளில் பூச வேண்டியது மாஸ்டிக் என்னும் பசை. பழைய கரி உலைக்காகப் போட்ட அகலமான தகரக் குழாய்கள் நிலவறையில் கிடந்தால் அவற்றையே பயன்படுத்தலாமே என்று கேட்பார்கள். சூடான காற்று தானாக மேலேறும் என்ற கணக்கில் அமைந்தவை அவை. விசிறியால் தள்ளும் குளிர்காற்றுக்கு, அதாவது டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடிக்கு, அவற்றின் வடிவமும் வாய்களின் இடமும் பொருந்துவது அரிது. மேலே சுற்றியிருப்பது ஆஸ்பெஸ்டாசாகவும் இருக்கலாம். அதைத் தொடுவது தனி உரிமம் பெற்றவர்களின் வேலை.

பெரிய டக்டுக்கு இடமே இல்லாத வீடுகளுக்காக உயர்வேகச் சிறுகுழாய் அமைப்பு உருவானது. உள்விட்டம் இரண்டு அங்குலமே உள்ள வளையும் குழாய்களைச் சுவர்ப்பொந்துக்குள் பாம்புபோல் இழுத்துவிட்டு, தரையிலோ கூரையிலோ சிறிய வட்டத் துளையில் முடிக்கிறார்கள். காற்றின் அளவு குறைவு, வேகம் அதிகம். சுருளும் கூடுதலாகக் குளிர்வதால் ஈரத்தை நன்றாகப் பிரிக்கும். விலையும் விசிறியின் மின்செலவும் அதிகம், நீளம் போதாமல் வெட்டிய குழாய் இரைச்சலிடும் என்பவை இதன் குறைகள். டக்டே வேண்டாம், ஜப்பானிய பாணி ஸ்பிளிட் கருவிகளை அறைதோறும் மாட்டிவிடலாம் என்பது இதற்கு எதிரான வலுவான வாதம். பல வீடுகளுக்கு அதுவே சரியான விடை என்பதை மறுக்க முடியாது, குறிப்பாக ரேடியேட்டர் இன்னும் நன்றாக வேலை செய்யும் வீடுகளுக்கு. ஆனால் பத்துப் பன்னிரண்டு சிறிய அறைகள் உள்ள வீட்டில் ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் குளிர், கிடைக்கும் மிகச்சிறிய ஸ்பிளிட்டின் திறனைவிடக் குறைவாக இருக்கும். அப்போது அளவு மிஞ்சிய எந்திரத்தின் தொல்லை அறைதோறும் தலைகாட்டும்; வெளிச்சுவரில் குழாய்களும் அசிங்கமாகத் தொங்கும். வடிகுழாய்கள் பலவாகும்போது அடைப்பும் பலவாகும்.

மரபுக் கட்டடங்களைக் காப்போர் எழுப்பும் ஆட்சேபம் வேறு வகையானது: இவ்வீடுகள் மூச்சுவிடும்படி கட்டப்பட்டவை, அவற்றை அடைத்துக் குளிரூட்டினால் அழுகிவிடும் என்கிறார்கள். இந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஈரமான தெற்கில் கோடைகாலத்தில் நீராவி வெளியிலிருந்து உள்ளே நகரும். குளிர்ந்த உட்சுவரில் வினைல் சுவர்த்தாள் ஒட்டியிருந்தால், ஆவி அதன் பின்னால் தண்ணீராகிச் சாந்தை ஊறவைக்கும். அமெரிக்கத் தேசியப் பூங்காப் பணித்துறை பழங்கட்டடப் பராமரிப்புக்கென வெளியிடும் குறிப்பேடுகளில் 24-ஆவது முழுக்க இந்தப் பொருளையே எடுத்துக்கொண்டு, புதிய எந்திரம் கட்டடத்துக்கு இழைக்கக்கூடிய கேடுகளைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. ஆனால் இந்தச் சான்று ஏசியையே தவிர்க்கச் சொல்லவில்லை, வரிசையைச் சொல்கிறது. முதலில் பரணின் தரையில் கசிவை அடைத்து வெப்பக்காப்பு போட வேண்டும். பழைய வீட்டில் மிகக் குறைந்த சேதத்தோடு மிகுந்த பலன் தருவது அதுதான். சுவர்ப்பொந்தில் காப்பை அடைப்பதைக் கடைசிக்குத் தள்ள வேண்டும், தேவையில்லையென்றால் விட்டுவிடவும் வேண்டும். பீங்கான் குமிழ்களில் தாங்கி ஓடும் பழைய மின்கம்பிகள் உயிரோடு இருக்கும் இடத்தில் காப்பு போடவே கூடாது. அக்கம்பிகள் சூட்டைத் திறந்த காற்றில் விடும்படி அமைந்தவை, மூடினால் தீப்பிடிக்கக்கூடும். இவை முடிந்த பிறகு வீட்டை மறுபடி அளந்தால் சுமை குறைந்திருக்கும், வாங்க வேண்டிய எந்திரமும் சிறிதாகும்.

மின்சாரப் பலகையைப் பார்ப்பதும் அதே கட்டத்தில்தான். 60 ஆம்பியர் இணைப்போடு நிற்கும் வீட்டில் கம்ப்ரசரைச் சேர்க்கப் பெரும்பாலும் இயலாது. 1978-க்கு முந்தைய வீடு என்றால் பெயின்ட்டில் ஈயம் இருப்பதாகக் கொண்டே சுவரைத் துளைக்க வேண்டும். தூசி பரவாமல் வேலை செய்யும் பயிற்சியும் சான்றும் 2010 முதல் கட்டாயம். குளிர்வாயுவைக் கையாளவும் தனிச் சான்று வேண்டும். ஆர்-22 வாயுவின் உற்பத்தியும் இறக்குமதியும் 2020-இல் நின்றன. அதற்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ-யும் 2025 முதல் புதிய வீட்டு அமைப்புகளிலிருந்து விலக்கப்பட்டு, ஆர்-32, ஆர்-454பி ஆகியவை இடம்பிடித்திருக்கின்றன. இவை இலேசாகத் தீப்பற்றக்கூடியவை என்பதால், பழைய செப்புக் குழாயை அப்படியே வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாற்றும் குறுக்குவழிகளை முன்பைவிடக் கவனமாக எடைபோட வேண்டியிருக்கிறது. பரணில் வைத்த எந்திரத்தின் அடியில் இரண்டாவது தட்டும், தண்ணீர் நிரம்பினால் கம்ப்ரசரை நிறுத்தும் மிதவைச் சுவிட்சும் இல்லையென்றால், ஓர் அடைபட்ட வடிகுழாய் நூறாண்டுப் பழைய அலங்காரக் கூரைச்சாந்தை ஒரே இரவில் கீழே கொண்டுவந்துவிடும். வேலை முடிந்ததாகப் பணம் கொடுப்பதற்கு முன் வீட்டுக்காரர் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை நான்கு எண்கள்: கணக்கிட்ட சுமை, 25 பாஸ்கல் அழுத்தத்தில் டக்டின் கசிவு, விசிறியின் முன்னும் பின்னும் அளந்த அழுத்தம், அறைதோறும் வரும் காற்றின் அளவு. இவற்றைத் தரத் தயங்குபவர் எந்த நிறுவனத்தின் எந்திரத்தை மாட்டினாலும் அதன் முழுத் திறன் வீட்டுக்குள் வந்து சேர்ந்ததா என்று சொல்ல வழியில்லை.