களநிலையமும் மாணவர் உழைப்பும்: பேராதனை மரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பல்லேகலவில் நின்று வடகிழக்கே நோக்குவோர்க்குத் தும்பறை மலைத்தொடர் தென்படும். 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற மத்திய மலைநாட்டுக் காடுகளுள் அதுவும் ஒன்று. இத்தகைய காடுகளில் விடுமுறைக் காலத்தில் மாணவர் சில வாரங்கள் தங்கி, மரங்களை அளந்தும் விலங்குகளை அவதானித்தும் பயிற்சி பெறுவது இன்று சூழலியற் கல்வியின் முக்கிய கூறாகும். இவ்வழக்கம் எத்தேவையிற் பிறந்தது? அதன் பயன் யாரைச் சென்றடைகின்றது? இவ்வினாக்களுக்கு விடைகாணக் கண்டிச் சூழலின் வரலாறே போதிய சான்றுகளைத் தருகின்றது.

பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821 இல் அலெக்சாண்டர் மூன் காலத்தில் நிறுவப்பட்டது. தாவர அறிவை வளர்ப்பதோடு பெருந்தோட்டப் பொருளாதாரத்துக்குத் துணைநிற்பதும் அதன் பணியாயிருந்தது. 1869 இல் இலங்கையிற் கோப்பி இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அதனை ஆராய 1880 இல் அனுப்பப்பட்டவர், முந்திய ஆண்டிற் கேம்பிரிட்சிற் பட்டம்பெற்ற மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர். தோட்டங்களிற் கண்ணாடித் தகடுகளை வைத்துக் காற்றில் வரும் வித்திகளைப் பிடித்தார். ஒரே பயிரை இடையீடின்றிப் பரப்பியமை நோய் பரவ வழிசெய்தது என உணர்த்தினார். இரண்டாண்டுகளில் நாடு திரும்பினார். கோப்பியைக் காக்க இயலாது போயினும், களத்திற் பெற்ற அவ்வனுபவம் தாவர நோயியலின் வளர்ச்சிக்கு உரமாயிற்று.

ஆயின், தமிழகத்திலிருந்து வந்து அச்செடிகளை நாள்தோறும் பேணிய தொழிலாளரின் நிலை வேறு. இலையின் நிறமாற்றத்தை அன்றாடம் கண்ணுற்றவர்கள் அவர்களே. எனினும் அவர்தம் அவதானம் அறிவென மதிக்கப்படவில்லை. தோட்டக் கணக்கில் அவர்கள் வெறும் கைகளே. பேராதனையில் 1823 முதல் தாவர ஓவியங்களை வரைந்த ஹர்மானிஸ் டி அல்விஸ் போன்ற சிலரது பெயர்களே நிலைத்தன. களத்தில் உழைப்போர் ஒருவர், அறிஞரெனப் பெயர்பெறுவோர் மற்றொருவர் என்னும் பிரிவினை குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற எச்சங்களுள் ஒன்று.

சுதந்திரத்தின் பின் நிலைமை ஓரளவு மாறியது. 1942 இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் பின்னர் பேராதனையில் நிலைகொண்டது. 1970களில் சிங்கராஜ வனத்தில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக மரங்கள் தறிக்கப்பட்டன. எதிர்ப்பு வலுத்தமையால் அப்பணி அத்தசாப்தத்தின் இறுதிக்குள் நிறுத்தப்பட்டது. பேராதனைப் பேராசிரியர்கள் நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக ஆகியோரின் நீண்டகால ஆய்வுகள் அக்காட்டின் அருமையை நிறுவப் பெரிதும் உதவின. அங்குள்ள மரவினங்களுள் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை. 1988 இல் அது உலக மரபுரிமையாயிற்று.

1990களில் அங்கு 25 ஹெக்டேயர் நிலம் நிரந்தர ஆய்வுக்கென வகுக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்திற் பனாமாவின் பரோ கொலராடோ தீவில் உருவான முறையைப் பின்பற்றி, 1 சென்ரிமீற்றர் விட்டமுடைய கன்று முதல் ஒவ்வொரு மரமும் இலக்கமிடப்பட்டு அளக்கப்பட்டது. அவ்வாறு பதிவானவை இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள். பொலன்னறுவையில் 1968 முதல் நடைபெற்றுவரும் குரங்கு ஆய்வும் இத்தகைய நெடும்பதிவே. ஓரிரு பேராசிரியரின் கைகளால் மட்டும் இவை நிறைவேறா. பயிற்சி மாணவரும் அயற்கிராமத்து உதவியாளரும் இன்றிக் களநிலையம் இல்லை எனலாம்.

இங்குதான் பழைய வினா புதிய வடிவில் எழுகின்றது. வேதனமற்ற பயிற்சியை, சிலவிடங்களிற் கட்டணமும் செலுத்திப் பெறும் பயிற்சியை, வசதி படைத்தோரே ஏற்க முடியும். விடுமுறையிற் கூலிவேலை செய்து குடும்பத்தைத் தாங்கவேண்டிய தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு அக்கதவு அடைபட்டதே. ஆங்கிலம் ஒன்றே களத்தின் மொழியாயின் அடைப்பு மேலும் இறுகும். எனவே பயிற்சியாளருக்கு உதவித்தொகை, தமிழிலும் சிங்களத்திலும் களக்குறிப்பேடுகள், ஆய்வறிக்கையில் உதவியாளரின் பெயர்ப்பதிவு ஆகியவற்றைச் சலுகைகளாகக் கருதலாகாது. கோப்பித் தோட்டத்தில் மறுக்கப்பட்ட அங்கீகாரத்தை இன்றைய களநிலையம் வழங்குவதற்கு இவை மிகக்குறைந்த நிபந்தனைகளாகும். பேராதனையின் சூழலியல் மரபைப் போற்றுவோர் இவற்றையும் தம் கோரிக்கைகளாக முன்வைத்தல் வேண்டும்.