டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர்: முன்னாள் ராணுவ வீரர்கள் ஆவணப் பிழையைத் திருத்துவது எப்படி?

கணவர் ராணுவத்தில் 17 வருஷம் வேலை பார்த்தவர். மாதா மாதம் பென்ஷன் சரியாக வந்துகொண்டிருந்தது. அவர் இறந்த பிறகு குடும்ப பென்ஷனுக்கு மனைவி விண்ணப்பிக்கிறார். ராணுவ ஆவணத்தில் மனைவி பெயர் 'லட்சுமி'. ஆதாரில் 'விஜயலட்சுமி'. வங்கிக் கணக்கில் 'விஜயலட்சுமி அம்மாள்'. 'இந்த மூன்று பேரும் ஒருவர்தானா?' என்ற கேள்வியில் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடுகிறது.

இது ஒரு உதாரணம்தான். ஆனால் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரிந்த கதை. இப்படிப்பட்ட பிழைகளை யாரிடம் சொல்வது, எப்படித் திருத்துவது, மறுத்துவிட்டால் எங்கே போவது? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், என்னென்ன ஆவணங்கள்?

ஒரு ஜவான் ஓய்வு பெறும்போது அவர் கைக்கு வருவது இரண்டு முக்கிய ஆவணங்கள். ஒன்று, டிஸ்சார்ஜ் புக். சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, ரேங்க், டிரேடு, வெளியேறிய காரணம், நன்னடத்தை மதிப்பீடு எல்லாம் இதில் இருக்கும். இன்னொன்று பிபிஓ எனப்படும் பென்ஷன் ஆணை. எவ்வளவு பென்ஷன், அவருக்குப் பிறகு யாருக்குக் குடும்ப பென்ஷன் என்பதைச் சொல்வது இது.

இவை இரண்டுக்கும் மூலம் வேறு இடத்தில் இருக்கிறது. அதுதான் ரெக்கார்ட் ஆபீஸ். பணியில் இருக்கும்போது நடந்த திருமணம், குழந்தை பிறப்பு, பதவி உயர்வு எல்லாம் 'பார்ட் 2 ஆர்டர்' என்ற பெயரில் அங்கே பதிவாகும். பார்ட் 2 ஆர்டரில் ஏறாத விஷயம், ராணுவத்தைப் பொறுத்தவரை நடக்காத விஷயம் மாதிரிதான். கையில் இருக்கும் புத்தகத்தை மட்டும் திருத்தினால் போதாது, மூலப் பதிவு திருத்தப்பட வேண்டும் என்பது இதனால்தான்.

தமிழர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிக்கல்

நம்மிடம் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. இனிஷியல்தான். ஆனால் பல படிவங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். அதனால் ஒருவரே ஒரு ஆவணத்தில் 'கே.செல்வராஜ்', இன்னொன்றில் 'செல்வராஜ் கே', மூன்றாவதில் அப்பா பெயரோடு 'செல்வராஜ் கருப்பையா' என்று ஆகிவிடுகிறார். ஊர் வழக்கில் மனைவியைக் கூப்பிடும் பெயரை 20 வயதில் யூனிட் எழுத்தரிடம் சொல்லியிருப்பார், அதுவே பதிவாகியிருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது வேறு ஆள்.

முன்பு இதெல்லாம் பெரிய பிரச்னையாகத் தெரியவில்லை. வங்கியில் தெரிந்த முகம், கையெழுத்து என்று வேலை நடந்தது. இப்போது பாதுகாப்புத் துறை பென்ஷன் 'ஸ்பர்ஷ்' என்ற ஆன்லைன் முறைக்கு மாறிவிட்டது. பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் பென்ஷன் அலுவலகம் இதை நடத்துகிறது. ஆதார், பான், வங்கிக் கணக்கு, பென்ஷன் பதிவு எல்லாம் பொருந்த வேண்டும் என்ற நிலை வந்ததும், பல வருஷம் தூங்கிக்கொண்டிருந்த பிழைகள் வெளியே வந்தன.

பிழை இருந்தால் என்ன நஷ்டம்?

சாதாரண எழுத்துப் பிழைதானே என்று விட்டுவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பணம் இருக்கிறது.

* சேவைக் காலம்: ஜவான்களுக்கு சர்வீஸ் பென்ஷன் கிடைக்க பொதுவாக 15 ஆண்டு தகுதிச் சேவை வேண்டும். கணக்கில் சில மாதங்கள் விட்டுப்போனால் பென்ஷனே கேள்விக்குறி.

* ரேங்க், குரூப்: 'ஒரே ரேங்க் ஒரே பென்ஷன்' திட்டத்தில் தொகை நிர்ணயமாவது ரேங்க், குரூப், சேவைக் காலம் ஆகியவற்றை வைத்துத்தான். இதில் ஒன்று தவறாக இருந்தாலும் ஒவ்வொரு மாதமும் குறையும்.

* மனைவியின் பிறந்த தேதி: பலர் கவனிக்காத இடம் இது. குடும்ப பென்ஷன் வாங்குபவருக்கு 80 வயதில் 20%, 85-ல் 30%, 90-ல் 40%, 95-ல் 50%, 100-ல் 100% என கூடுதல் பென்ஷன் உண்டு. பதிவில் பிறந்த தேதியே இல்லை என்றால், 80 வயது ஆனது கணக்கில் தெரியாது. கூடுதல் தொகையும் வராது.

* மாற்றுத்திறனாளிப் பிள்ளை: தானே சம்பாதிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப பென்ஷன் பெற வழி உண்டு. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பெயரைப் பதிவு செய்துவிட்டால் பிறகு அலைச்சல் இல்லை.

* வெளியேறிய காரணம்: ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேற்றப்பட்டவர் என்று இருந்தால், 'முன்னாள் படைவீரர்' என்ற தகுதியும் அதோடு வரும் வேலைவாய்ப்பு இடஒதுக்கீடும் போய்விடலாம்.

யாரிடம் போக வேண்டும்?

பென்ஷன் வங்கி வழியாக வந்தாலும், பெயர், பிறந்த தேதி, சேவை விவரங்களைத் திருத்தும் அதிகாரம் வங்கிக்கு இல்லை. ஜவான்கள், ஜேசிஓக்கள் போக வேண்டியது அவரவர் ரெஜிமென்ட் அல்லது கோர் சார்ந்த ரெக்கார்ட் ஆபீஸுக்கு.

* மெட்ராஸ் ரெஜிமென்ட்: நீலகிரி மாவட்டம் வெலிங்டன்
* மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்: பெங்களூரு
* ஆர்ட்டிலரி: நாசிக் ரோடு
* சிக்னல்ஸ்: ஜபல்பூர்
* இஎம்இ: செகந்திராபாத்
* ராணுவ மருத்துவப் பிரிவு: லக்னோ
* விமானப்படை: டெல்லி சுப்ரோதோ பார்க்
* கடற்படை மாலுமிகள்: மும்பை மான்குர்ட்

அவ்வளவு தூரம் நேரில் போகணுமா? தேவையில்லை. தமிழ்நாட்டில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. அங்குள்ள உதவி இயக்குநர் மேலொப்பத்துடன் விண்ணப்பத்தை அனுப்பலாம். ஸ்பர்ஷ் தளத்தில் நேரடியாகவும் புகார் பதியலாம். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்கள் ஸ்பர்ஷ் சேவை மையங்களை அணுகலாம்.

விண்ணப்பத்தில் என்ன இருக்கணும்?

படை எண், ரேங்க், பெயர் (ராணுவப் பதிவில் இருக்கும்படியே), பிபிஓ எண், இப்போது என்ன இருக்கிறது, என்னவாக மாற வேண்டும். இவ்வளவும் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை வைப்பது நல்லது. பெயர்த் திருத்தம், பென்ஷன் குறைவு, மருத்துவ அட்டை மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால், மூன்று பிரிவுகளுக்குச் சுற்றி ஒன்றுகூட முடியாமல் கிடக்கும்.

இணைப்பாக டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, ஆதார், பான், வங்கிப் புத்தக நகல்கள், கணவன் மனைவி சேர்ந்து எடுத்த புகைப்படம். பெயர் வேறுபாடு என்றால், 'இந்தப் பெயர்களில் குறிப்பிடப்படுபவர் ஒருவரே' என்று மாஜிஸ்திரேட் முன்பு எடுத்த பிரமாணப் பத்திரம் கேட்பார்கள். பெயரையே முழுதாக மாற்றினால் பத்திரிகை விளம்பரம், அரசிதழ் அறிவிப்பு வரை போகலாம். மனைவியின் பிறந்த தேதிக்கு பள்ளிச் சான்று இல்லாவிட்டாலும் பான், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை போன்றவற்றை ஆதாரமாக வைக்கலாம்.

திருத்தம் ஏற்கப்பட்டால் பிபிஓவும் திருத்தி வெளியிடப்படும். அது வரும்வரை வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதையும் கடித நகலையும் பத்திரமாக வையுங்கள். பின்னால் தீர்ப்பாயம் வரை போக நேர்ந்தால், முதல் சாட்சி அந்த ரசீதுதான்.

டிஸ்சார்ஜ் புக்கே தொலைந்துவிட்டால்?

போலீஸில் புகார் கொடுத்து, அந்தச் சான்றுடன் ரெக்கார்ட் ஆபீஸில் நகல் கேட்கலாம். தன் சேவைப் பதிவுகளை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்டுப் பெறலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் சேவைக் கோப்புகள் 25 ஆண்டுக்குப் பிறகு விதிப்படி அழிக்கப்படுகின்றன. அதன்பின் மிஞ்சுவது 'லாங் ரோல்' என்ற சுருக்கப் பதிவேடு மட்டும்தான். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவதில் உள்ள பெரிய ஆபத்து இது.

வீரரின் பிறந்த தேதியை மாற்ற முடியுமா?

கஷ்டம். மனைவி, பிள்ளைகளின் பிறந்த தேதியைத் திருத்துவதும், வீரரின் பிறந்த தேதியைத் திருத்துவதும் ஒன்றல்ல. சேரும்போது கொடுத்த சான்றின்படி பதிவான தேதிதான் ஓய்வு வரை ஓடும். பணியின் கடைசிக் கட்டத்தில் வந்து தேதியை மாற்றச் சொன்னால் ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அரசு ஊழியர்கள் வழக்குகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஆனால் மூலப் பதிவில் சரியாக இருந்து, பிபிஓவில் ஏற்றும்போது தட்டச்சுப் பிழை வந்திருந்தால் அது வேறு. அதைத் திருத்திக்கொள்ளலாம்.

வெளியேறிய காரணமே தவறு என்றால்?

இது எழுத்துப் பிழை இல்லை, உரிமைப் பிரச்னை. இரண்டு வகை வழக்குகள் அதிகம்.

ஒன்று, உடல்நலக் குறைவால் வெளியேற்றப்பட்டவர்கள். 'நோய்க்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பில்லை' என்று மருத்துவ வாரியம் எழுதிவிட்டால் ஊனமுற்றோர் பென்ஷன் கிடைக்காது. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு தந்தது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு எதுவும் இல்லை என்றால், நோய் பணியால் வந்ததாகவே கருத வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்றது. ஆனால் 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் அமலில் இருக்கின்றன. எனவே எந்தத் தேதியில் வெளியே வந்தீர்கள் என்பது இப்போது ரொம்ப முக்கியம்.

இரண்டு, 'ரெட் இங்க் என்ட்ரி' எனப்படும் தண்டனைப் பதிவுகளால் வெளியேற்றப்பட்டவர்கள். நான்கு பதிவு இருக்கிறது என்பதற்காக மட்டும் இயந்திரத்தனமாக ஒருவரை அனுப்பிவிட முடியாது, குற்றங்களின் தன்மை, சேவைக் காலம், பணியாற்றிய சூழல் எல்லாம் பார்க்க வேண்டும் என்று 2015-ல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மறுத்துவிட்டால் அடுத்து என்ன?

ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ம் ஆண்டு சட்டத்தின்படி அமைக்கப்பட்டது. சென்னையிலும் ஒரு அமர்வு இருக்கிறது. ஒரு நீதித்துறை உறுப்பினரும், ராணுவத்தில் உயர் பதவி வகித்த ஒரு நிர்வாக உறுப்பினரும் சேர்ந்து விசாரிப்பார்கள்.

நேராக அங்கே போய்விட முடியாது. முதலில் துறைக்குள் இருக்கும் மேல்முறையீட்டு வழிகளை முடிக்க வேண்டும். மறுப்பு ஆணை வந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். நீங்கள் கொடுத்த மனுவுக்கு 6 மாதமாகப் பதிலே இல்லை என்றால், அதன்பிறகு வரும் 6 மாதத்துக்குள் போகலாம். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு. அதன் தீர்ப்பிலும் திருப்தி இல்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்பதை 2023-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

வக்கீல் செலவுக்கு என்ன செய்வது? பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. வீரரின் மனைவி என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைத் தாராளமாக அணுகலாம்.

பல வருஷம் ஆகிவிட்டது, இனி கேட்க முடியுமா?

முடியும், ஆனால் நஷ்டம் உண்டு. தர்சேம் சிங் என்ற வீரர் 1983-ல் உடல்நலக் காரணத்தால் வெளியேற்றப்பட்டார். 16 ஆண்டு கழித்து 1999-ல்தான் நீதிமன்றம் போனார். மாதா மாதம் தொடரும் தவறு என்பதால் பென்ஷன் கேட்கும் உரிமை போகவில்லை. ஆனால் நிலுவைத் தொகை, மனு போட்ட தேதிக்கு முந்தைய சுமார் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும்தான் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. மற்ற வருஷங்களின் பணம் போனது போனதுதான்.

இன்றே பார்க்க வேண்டியது

வீட்டில் முன்னாள் ராணுவ வீரர் இருந்தால், டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, ஆதார் மூன்றையும் மேஜையில் எடுத்து வையுங்கள். வீரர் பெயர், மனைவி பெயர், மனைவியின் பிறந்த தேதி, பிள்ளைகள் பெயர், சேவைக் காலம், ரேங்க் இந்த ஆறையும் ஒப்பிடுங்கள். பிழை தெரிந்தால், வீரர் இருக்கும்போதே அவர் கையெழுத்தோடு விண்ணப்பத்தை அனுப்புங்கள். அவர் போட வேண்டிய ஒரு கையெழுத்துக்காக, பிற்பாடு மனைவி ஏறி இறங்க வேண்டிய ஆபீஸ் படிகள் ஏராளம்.