வரிச் சட்டத்தில் ஒரு வரி

மூலம்: 'தொழில்' என்பதில் எந்த வணிகமும், வியாபாரமும், உற்பத்தியும், அவற்றின் தன்மையுள்ள எந்தத் துணிமுயற்சியும் காரியமும் அடங்கும்.

வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 2(13). தமிழாக்கம் என்னுடையது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் நடப்புக்கு வந்தாலும் இந்த வரையறையின் சாரம் அப்படியே இருக்கிறது.

கவரைப்பேட்டைக்காரர்களுக்கு இதற்கு உரை சொல்வது எளிது. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையோரம் ஒரு மனை வாங்கிப் போட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட் வளர வளர விலை ஏறும் என்று காத்திருப்பது என்னவென்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே காரியத்தை இன்று ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்த இளைஞர் கைபேசியிலேயே செய்யலாம். மண்ணுக்குப் பதில் பெயர். பத்திரத்துக்குப் பதில் ரசீது. எண்ணூறு ரூபாய்க்கு ஒரு டொமைனை, அதாவது இணையதளப் பெயரை, வாங்கி வைத்து, அந்தப் பெயர் தேவைப்படுகிறவருக்கு அறுபதாயிரத்துக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "சும்மா பொழுதுபோக்குக்குச் செய்தேன், இதுக்கும் வரியா?" என்பார். அதற்கான பதில் மூலத்திலேயே இருக்கிறது.

'அடங்கும்': 'இதுவே தொழில்' என்று சட்டம் எல்லை கட்டவில்லை. கடை, பலகை, ஜி.எஸ்.டி. எண் இருந்தால்தான் தொழில் என்ற நினைப்பு இந்த ஒரு சொல்லிலேயே போய்விடுகிறது.

'எந்த': ஒரே ஒரு தடவை செய்ததும் இதில் சேரும்.

'துணிமுயற்சி': வரியின் உயிர் இங்கேதான். ஆங்கில மூலத்தில் கடலோடிகளின் சாகசத்துக்குச் சொல்லும் சொல்தான் நிற்கிறது. லாபம் வரும் என்று நம்பிப் பணத்தை இறக்குவதே இங்கே பொருள். இதற்குப் பெரிய உரை உச்ச நீதிமன்றம் 1958 நவம்பரில் எழுதியது, அதுவும் நம் கோயம்புத்தூர் வழக்கில். ஜி. வெங்கடசாமி நாயுடு நிறுவனம் ஜனார்த்தனா மில்லின் நிர்வாக முகவர். மில்லை ஒட்டிய மனைகளை 1941–42ல் எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கி, 1947ல் அந்த மில்லுக்கே 52,600 ரூபாய்க்கு விற்றது. முதலீடு என்று நிறுவனம் வாதிட்டது. மனையில் அது குடியிருக்கவுமில்லை, பயிர் வைக்கவுமில்லை. விற்கவென்றே வாங்கினால் அது துணிமுயற்சி என்ற வலுவான ஊகம் எழும் என்று நீதிமன்றம் தீர்த்தது. ஊகம்தான், மறுக்க இடமுண்டு. அதற்கு வாங்கியவர் சான்று காட்ட வேண்டும்.

பிரிட்டனில் இதைவிட வேடிக்கையான வழக்கு ஒன்று உண்டு. ரட்லெட்ஜ் என்பவர் பெர்லினில் பத்து லட்சம் கழிப்பறைக் காகிதச் சுருள் வாங்கி, ஒரே ஆளுக்கு விற்றார். அத்தனையும் சொந்த உபயோகத்துக்கு என்று எவர் நம்புவார்? நாற்பது டொமைன் வைத்திருப்பவரின் நிலையும் அதேதான். அதுவும் பெயரைச் சொந்தமாக்கிக்கொள்ளவும் முடியாது; ஒரே மூச்சில் பத்து வருடத்துக்கு மேல் பதிவு கிடையாது, குத்தகைதான்.

'தன்மையுள்ள': வியாபாரத் தன்மை இல்லையென்றால் இன்னொரு கதவும் இருக்கிறது. தன் கடைக்கென்று வாங்கி, சில வருடம் தளம் நடத்தி, கடையை மூடியபின் பெயரை விற்றவருக்கு அது மூலதன ஆதாயம் என்று வாதிட வழி உண்டு. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், 2024 ஜூலை 23 முதலான விற்பனைக்கு 12.5 சதவீதம். தொழிலென்றால் சம்பளத்தோடு சேர்ந்து அவரவர் வரி அடுக்குப்படி. தொழிலிலும் ஒரு வசதி: விலைபோகாத பெயர்களுக்குக் கட்டிய ரினியூவல் பணத்தையும் செலவாகக் கழிக்கலாம். ஆனால் நஷ்டம் வந்தால் அதைச் சிப்காட் சம்பளத்தில் கழிக்க முடியாது. காலத்தில் ரிட்டர்ன் போட்டிருந்தால் எட்டு வருடம்வரை பின்வரும் தொழில் லாபத்தில் கழிக்கலாம்.

மூலத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. நாயுடு நிறுவனம் மில்லுக்கு விற்றதுபோல, ஒரு கம்பெனியின் பெயரையே டொமைனாக வாங்கி அந்தக் கம்பெனியிடமே விலை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மண்ணில் அது தவறில்லை. பெயரில் அப்படியில்லை. டொமைனுக்கும் வணிகக் குறிக்குரிய பாதுகாப்பு உண்டு என்று சிஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004லேயே சொல்லிவிட்டது. டாட் இன் பெயர்களுக்கான தகராறு விதிகளின்படி, குறிக்கு உரியவரிடமே கூடுதல் விலைக்கு விற்கும் நோக்கம் தீய நோக்கம். பெயர் கையைவிட்டுப் போகும். வரிச் சட்டத்தில் தொழிலென்று காட்டும் அதே எண்ணம் அங்கே எதிர்ச் சாட்சியாக நிற்கும். இதை 'சூப்பர் ஐடியா' என்று யாராவது சொன்னால் விலகி நில்லுங்கள்.

கடைசியாக, படிவம். தொழில் வருமானம் வந்த வருடம், சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் 'சகஜ்' செல்லாது; 3ஆம் அல்லது 4ஆம் எண் படிவம்தான். வெளிநாட்டுச் சந்தைத் தளம் இங்கே டி.டி.எஸ். பிடித்துக் கட்டியிருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். டி.டி.எஸ். போக வரி பத்தாயிரத்தைத் தொட்டால் முன்கூட்டியே கட்ட வேண்டும்.